எதிர் வீட்டு அக்கா பிடிக்கும் 5 லட்சம் ஏலச்சீட்டு: பிளாக்கில் பாதிக்கு மேல் சேர்ந்தாச்சு, நாங்களும் சேரலாமா?

கேட்டவர்: மூணாவது_மாடி

வணக்கம். எங்க பிளாக்ல 24 வீடு. எதிர் வீட்டு அக்கா புதுசா ஒரு ஏலச்சீட்டு ஆரம்பிக்கிறாங்க. 5 லட்சம் சீட்டு, 20 பேர், 20 மாசம், மாசம் 25,000. முதல் மாசச் சீட்டு தள்ளு (சீட்டுத் தொகையில விட்டுக்கொடுக்கற கழிவு) இல்லாம அக்காவுக்கே. ரெண்டாம் மாசத்துல இருந்து ஏலம். ஒவ்வொரு ஏலத்துலயும் 5 சதவீதம், அதாவது 25,000, அவங்களுக்குக் கமிஷன். போன சீட்டுல ரெண்டாம் மாசம் ஒன்றரை லட்சம் தள்ளி எடுத்தாங்களாம் (கமிஷனும் அதுக்குள்ளேயே). அப்புறம் மாசா மாசம் தள்ளு குறைஞ்சுகிட்டே வந்து, கடைசி சீட்டுல கமிஷன் மட்டும் போக 4,75,000 கைக்கு வந்ததாம்.

சீட்டுப் பதிவு எதுவும் கிடையாது. நோட்டுல எழுதி வச்சுக்கறதுதான். 17 பேர் சேர்ந்தாச்சு, வாட்ஸப் குரூப்ல ஒவ்வொருத்தர் பேரா ஏறிகிட்டே இருக்கு. ஸ்கூல் விட்டு வர்ற பையனை சாயங்காலம் அந்த அக்காதான் பாத்துக்கறாங்க, அதனால மாட்டேன்னு சொல்றதும் சங்கடம்.

கடைசி வரைக்கும் எடுக்காம கட்டினா உண்மையிலேயே எவ்வளவு கிடைக்கும்? இத்தனை பேர் நம்பிச் சேர்ந்திருக்கறதை ஒரு பாதுகாப்பா எடுத்துக்கலாமா? சேரலைன்னா மனசு நோகாம எப்படிச் சொல்றது?

---

பதில்: பேரேடு

முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ரெண்டாம் மாதத் தள்ளு 1,50,000, கடைசி மாதம் 25,000, இடையில் மாதம் சுமார் 7,000 வீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

ரெண்டாம் மாதம் 1,50,000 தள்ளில் கமிஷன் 25,000 போக மீதி 1,25,000. அதை 20 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 6,250 கசர் (அந்த மாதத் தவணையில் கழியும் பங்கு). ஆக அந்த மாதம் நீங்கள் கட்ட வேண்டியது 18,750. மாதம் ஏற ஏறக் கசர் சுருங்கும், கட்டும் தொகை கூடும், கடைசி மாதம் முழு 25,000. இருபது மாதமும் சேர்த்து நீங்கள் கட்டுவது 4,40,625. கடைசியாக எடுத்தால் கிடைப்பது 4,75,000. லாபம் 34,375.

லாபத்தை அப்படியே கட்டிய தொகையால் வகுத்து "7.8 சதவீதம்தானே" என்று சொல்லக்கூடாது. பணம் மொத்தமாக முதல் நாளே போகவில்லை, தவணையாகத்தான் போகிறது. ஒவ்வொரு தவணையும் எத்தனை மாதம் உள்ளே கிடந்தது என்று பார்த்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 9.8 சதவீதம் வருகிறது. அஞ்சலக ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். ஆக, கூடுதலாகக் கிடைப்பது 3 சதவீதம். உங்கள் தொகைக்கு அது 20 மாதத்தில் ஏறத்தாழ 11,000 ரூபாய். இந்த 11,000-க்காக எவ்வளவு பணத்தை யார் கையில் எந்தப் பிணையும் இல்லாமல் விடுகிறீர்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இப்போது மறுபக்கம். ரெண்டாம் மாதம் எடுப்பவர் 3,50,000 வாங்குகிறார், மொத்தம் 4,40,625 கட்டுகிறார். அவருக்கு விழும் வட்டி மாதம் 2.75 சதவீதத்துக்கு மேல், ஆண்டுக்கு 33 சதவீதம். வங்கியில் நகையை வைத்தால் மாதம் ஒரு சதவீதத்தை ஒட்டிக் கடன் கிடைக்கும்போது ஒருவர் 33 சதவீதத்துக்கு எடுக்கிறார் என்றால், அவருக்கு வேறு இடத்தில் கடன் கிடைக்கவில்லை, அல்லது நகை ஏற்கெனவே அடகில் இருக்கிறது. எடுக்காமல் காத்திருப்பவரின் லாபம் முழுக்க இந்த நெருக்கடியில் இருப்பவர் தருவது. தள்ளு அதிகமாகப் போகிறது என்றால் கசர் நன்றாக வரும் என்று குரூப்பில் கைதட்டுவார்கள். ஆனால் அந்தத் தள்ளுதான் அவர் பின்னால் தவணை தவறக்கூடும் என்பதற்கான முதல் அடையாளமும்.

தவறினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். 12-ஆம் மாதம் முடியும்போது எடுக்காதவர்கள் 8 பேர். ஒவ்வொருவரும் அதுவரை கட்டியது சுமார் 2,50,000. ஆக 20 லட்சம் ரூபாய், ஏற்கெனவே எடுத்துவிட்ட 12 பேரின் நாணயத்தை மட்டும் நம்பி வெளியே நிற்கிறது. அவர்களில் மூன்று பேர் 13-ஆம் மாதம் கட்டவில்லை என்றால் அந்த மாதத் துண்டு மட்டும் சுமார் 67,700. அக்காவின் கமிஷன் 25,000. மீதியை அவர் கைக்காசிலிருந்து போட வேண்டும், அல்லது இன்னொரு சீட்டின் பணத்தை எடுத்து இதில் போட வேண்டும். ரெண்டாவது நடந்த நாளிலிருந்து ஒரு சீட்டின் சிக்கல் எல்லாச் சீட்டுக்கும் பரவிவிடும். அக்கம்பக்கச் சீட்டுகள் உடைவது பெரும்பாலும் மோசடி எண்ணத்தால் அல்ல, நடத்துபவர் இப்படி மானத்துக்குப் பயந்து உருட்ட ஆரம்பிப்பதால்.

---

பதில்: நூறுபேர்_நோட்டு

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன், எனக்கு அதுதான் முக்கியமாப் படுது. 17 பேர் சேர்ந்தது 17 பேர் விசாரிச்சதுக்குச் சமம் இல்லை. முதல்ல சேர்ந்த ரெண்டு மூணு பேர் ஏதாவது விசாரிச்சிருக்கலாம். நாலாவது ஆள் அந்த மூணு பேரைப் பார்த்துச் சேர்றார், பத்தாவது ஆள் ஒன்பது பேரைப் பார்த்து. எண்ணிக்கை ஏறுது, தகவல் ஏறலை. குரூப்ல பேர் வரிசையா ஏறும்போது இது இன்னும் வேகமா நடக்கும், ஏன்னா சேர்றவங்க பேர்தான் தெரியும். யோசிச்சு ஒதுங்கினவங்க யார், ஏன் ஒதுங்கினாங்கங்கறது குரூப்ல வராது. 24 வீட்டுல மீதி 7 வீடு ஏன் சேரலைன்னு யாராவது கேட்டாங்களா?

இதுக்கு நல்ல ஒரு ஆய்வு இருக்கு. பிரேசில்ல ஒரு முதலீட்டுத் தரகு நிறுவனத்தோட வாடிக்கையாளர்கள்ல நண்பர்களை ஜோடி ஜோடியா எடுத்துச் செஞ்சது, 2014-ல வெளியாச்சு. நண்பரைப் பத்தி எதுவும் சொல்லாம ஒரு முதலீட்டைக் காட்டினப்போ 42 சதவீதம் பேர் வாங்கினாங்க. "உங்க நண்பர் இதை வாங்க விரும்பினார், ஆனா குலுக்கல்ல அவருக்குக் கிடைக்கலை"ன்னு சொன்னப்போ 71 சதவீதம். "நண்பர் விரும்பினார், அவருக்குக் கிடைச்சிருச்சு"ன்னு சொன்னப்போ 93. முதல் ஏற்றம், நண்பர் தேர்ந்தெடுத்தாருன்னா நல்லதா இருக்கும்ங்கற நினைப்பு. ரெண்டாவது ஏற்றத்துல புதுத் தகவல் எதுவுமே இல்லை. அவர்கிட்ட இருக்கு, நம்மகிட்ட இல்லைங்கறது மட்டும்தான். உங்க பிளாக்ல நடக்கறது இந்த ரெண்டும் கலந்தது. "எல்லாரும் சேர்ந்தாச்சு, நாம மட்டும் தனியா நிக்கணுமா"ன்னு தோணினா அது ரெண்டாவது ரகம், அதை வச்சு மாசம் 25,000 முடிவு பண்ணக்கூடாது.

முதல் ரகத்துல உண்மையான தகவல் இருக்கலாம், அதைக் கறந்து எடுங்க. சேர்ந்தவங்கள்ல மூணு பேரைத் தனித்தனியா பாருங்க, குரூப்ல கேட்காதீங்க. "நல்லா நடக்குதா?"ன்னு கேட்டா எல்லாரும் "ஆமா"ம்பாங்க. போன சீட்டுல கடைசி மூணு மாசம் எடுத்தது யார், ஏலம் முடிஞ்சு எத்தனையாவது நாள் பணம் வந்தது, ஒரே தடவையா வந்ததா பிச்சுப் பிச்சு வந்ததான்னு கேளுங்க. ஆரம்பத்துல எடுத்தவர் சொல்ற நற்சான்று எதுக்கும் ஆகாது, அவருக்கு ரிஸ்க்கே கிடையாது. அடுத்தது, அக்கா ஒரே நேரத்துல எத்தனை சீட்டு நடத்துறாங்க, அதே ஆட்கள் எத்தனை சீட்டுல இருக்காங்க. ரெண்டுக்கு மேல நடந்தா "பேரேடு" சொன்ன உருட்டலுக்கு வழி திறந்தே இருக்கு.

கூடவே ஒண்ணு கேட்டுப் பாருங்க: சீட்டு எடுத்த யார்கிட்டயாவது "பணம் இப்ப உங்களுக்கு உடனே வேணுமா, என்கிட்டயே இருக்கட்டும், மாசம் ரெண்டு வட்டி தரேன்"னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா அதோட விட்டுடுங்க. எடுத்த பணம் கைமாறாம நடத்துறவங்ககிட்டயே தங்குதுன்னா அந்த மாசம் கொடுக்கப் பணம் இல்லைன்னு அர்த்தம். இது நடக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் யாரும் வெளியே சொல்ல மாட்டாங்க. கேட்டா அவங்களைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிடும்னு ஒவ்வொருத்தரும் தயங்குவாங்க, அடுத்தவர் சும்மா இருக்கறதைப் பார்த்து பிரச்சனை இல்லைபோலன்னு நினைப்பாங்க.

---

பதில்: சீட்டு_ஒப்பந்தம்

சட்டத்தின் பக்கத்தைச் சொல்கிறேன். 1982-ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி வாங்காமல், பதிவு செய்யாமல் இந்த அளவில் சீட்டு நடத்துவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பதிவே செய்தாலும், தனிநபர் ஒருவர் ஒரே நேரத்தில் நடத்தும் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்தைத் தாண்டக்கூடாது. 2019 திருத்தத்துக்கு முன் அது 1 லட்சம். ஆக 5 லட்சம் சீட்டை அந்த அம்மா தனி ஆளாகச் சட்டப்படி நடத்தவே முடியாது.

முதல் சீட்டை நடத்துபவர் தள்ளு இல்லாமல் எடுப்பதும், 5 சதவீதக் கமிஷனும் தவறு என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பதிவுபெற்ற நிறுவனமும் முதல் சீட்டை எடுக்கலாம், கமிஷன் 7 சதவீதம் வரை போகலாம். வித்தியாசம் வேறு இடத்தில். பதிவுபெற்ற நிறுவனம் சீட்டு தொடங்கும் முன்பே பதிவாளர் பெயரில் பிணை கட்ட வேண்டும். சீட்டு எடுத்தவரிடம் மீதித் தவணைக்குப் போதுமான ஜாமீன் வாங்க வேண்டும். ஒவ்வொரு ஏலத்துக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்து வாங்கி, பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தகராறு வந்தால் நேராகப் பதிவாளரிடமே போகலாம். பதிவில்லாத சீட்டில் அதே முதல் சீட்டு, அதே கமிஷன், ஆனால் இந்த நான்கில் ஒன்றும் கிடையாது.

ஏற்கெனவே இப்படி ஒரு சீட்டில் இருப்பவர்களுக்கு: தவணையை ரொக்கமாகத் தராதீர்கள். யுபிஐ அல்லது வங்கி மூலம் அனுப்பி, குறிப்பில் "சீட்டு 5-ஆம் தவணை" என்று எழுதுங்கள். ஏல நாளன்று யார் எவ்வளவு தள்ளி எடுத்தார் என்று குரூப்பில் ஒரு வரி போடச் சொல்லுங்கள். இவை இல்லாமல் காவல் துறைக்குப் போனால் "கைமாற்றாகக் கொடுத்தேன், திருப்பி வாங்கிவிட்டேன்" என்று நடத்தியவர் சொல்லும் ஒரே வாக்கியத்தில் புகார் நின்றுவிடும். உரிமையியல் வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டுக் காலவரம்பு. பழகியவராயிற்றே என்று "தரேன் தரேன்" என்பதைக் கேட்டுக்கொண்டே அந்த மூன்று ஆண்டையும் கழித்துவிடுபவர்கள் உண்டு. பலர் ஏமாந்திருந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவில் எல்லாரும் சேர்ந்து புகார் தருவது பலன் தரும்.

இன்னொன்று. சீட்டு எடுக்கும்போது தொகை எழுதாத புரோநோட்டிலும், வெற்றுக் காசோலையிலும் கையெழுத்து வாங்கும் வழக்கம் இருக்கிறது. மீதித் தவணை எவ்வளவோ அந்தத் தொகையை எழுத்திலும் எண்ணிலும் நிரப்பி, தேதி போட்டு, படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள். கடைசித் தவணை கட்டிய அன்றே மூலத்தைத் திரும்ப வாங்குங்கள்.

---

பதில்: தவணை_தவறாது

மேலே சொன்ன ஆபத்து எல்லாமே சரிதாங்க. ஆனா சீட்டுல இருக்கற நல்லதையும் பேசாம விட்டா பாதிதான் பேசின மாதிரி. மாசம் 25,000 தனியா எடுத்து வைக்கத் தெரிஞ்சவங்க நம்மள்ல எத்தனை பேருங்க? ஆர்டி போட்டா நாலாவது மாசம் ஒரு செலவு வந்ததும் உடைச்சிடுவாங்க, கேட்க ஆள் இல்லை. சீட்டுத் தவணை தவறினா அடுத்த நாள் லிஃப்டுல முகம் பார்க்கணும். அந்தக் கூச்சம்தான் கட்ட வைக்குது. 6.7, 9.8ன்னு வட்டியை மட்டும் ஒப்பிட்டா இது கணக்குல வராது.

கர்நாடகாவுல 60 கிராமத்துல இதையே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. சேமிக்கறவங்க அவங்கவங்க சொந்தக் கணக்குல இலக்கு வச்சுச் சேமிச்சாங்க. சிலருக்கு மட்டும் ஊர்க்காரர் ஒருத்தரைக் கண்காணிப்பாளரா வச்சாங்க. பணம் அவர் கைக்குப் போகாது, எவ்வளவு சேர்த்திருக்காங்கன்னு மட்டும் அப்பப்ப அவருக்குத் தெரியும். ஆறே மாசத்துல அப்படி ஆள் இருந்தவங்களோட சேமிப்பு மூணுல ஒரு பங்குக்கு மேல கூடியிருந்தது. ஊர்ல நாலு பேரைத் தெரிஞ்ச ஆளா இருந்தா பலன் இன்னும் அதிகம்.

இதுல இருந்து உங்களுக்கு ஒரு வழி இருக்குங்க. சீட்டோட கட்டுப்பாடு வேணும், சீட்டோட ரிஸ்க் வேணாம். நாலஞ்சு வீடு சேர்ந்து, ஆளுக்கொரு ஆர்டி அவங்கவங்க பேர்லயே போடுங்க. மாசம் 5-ஆம் தேதிக்குள்ள கட்டின ரசீதைப் படம் எடுத்துத் தனிக் குரூப்ல போடணும். தவறினா 500 ரூபாய் பொதுப் பணத்துக்கு, அதைப் பொங்கலுக்குச் செலவு பண்ணிக்கலாம். அஞ்சு பேருக்கு மேல வேண்டாம், கூட்டம் பெருசானா யாரும் யாரையும் கேட்கமாட்டாங்க. நடுவுல அவசரம் வந்தா வங்கி ஆர்டி மேல கடன் கிடைக்கும், உடைக்க வேண்டாம். ஏல வருமானம் கிடையாதுதான், ஆனா அடுத்தவர் தவறினதுக்கு நீங்க தண்டம் கட்ட வேண்டியதில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவும் இதே கட்டுப்பாட்டுலதாங்க ஓடுது. தமிழ்நாட்டுல 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்சதுல இருந்து வாராவாரம் கூட்டம், எல்லார் முன்னாடியும் பணம் எண்ணி நோட்டுல ஏத்தறது, குழு பேர்ல வங்கிக் கணக்கு. பணம் ஒருத்தர் வீட்டு பீரோவுல தங்காது. பக்கத்து வீட்டுச் சீட்டுக்கும் அதுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் அந்த வங்கிக் கணக்குதான்.

---

கேட்டவர்: மூணாவது_மாடி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. 11,000-க்காக இவ்வளவு தூரம் போகணுமான்னு வீட்டுலயும் பேசினோம், சேர வேண்டாம்னு முடிவு. ஆர்டி யோசனையைக் கீழ் வீட்டுல ரெண்டு பேர்கிட்ட கேக்கப் போறோம். ஆனா இன்னும் ரெண்டு சிக்கல். அக்காகிட்ட எப்படிச் சொல்றது? அப்புறம், ரெண்டாவது மாடியில ஒருத்தர் "முழுச் சீட்டு வேண்டாம்னா என்கூட பாதிப் பங்கு போடுங்க, ஆளுக்கு 12,500"ங்கறார். தொகை குறைவுங்கறதால அது பரவாயில்லையா?

---

பதில்: நூறுபேர்_நோட்டு

பாதிப் பங்கை முதல்ல சொல்லிடறேன்: வேண்டாம். நோட்டுல அவர் பேர் ஒண்ணுதான் இருக்கும். அவர் எப்ப வேணா ஏலத்துல தள்ளி எடுக்கலாம், உங்களைக் கேட்க வேண்டியதில்லை. எடுத்த பிறகு அவர் பங்கு 12,500 வரலைன்னா அக்கா ரெண்டு பேர்கிட்டயும் வருவாங்க. பணம் வரும்போது உங்க பேர் நோட்டுல இல்லை. தொகை பாதி, ரிஸ்க் ரெண்டு ஆள்மேல.

அக்காகிட்ட சொல்றதுக்கு: குரூப்ல எழுதாதீங்க. அங்க எழுதினா மத்தவங்களும் தயங்க ஆரம்பிப்பாங்க, சீட்டைக் கலைச்ச பழி உங்கமேல வரும். நேர்ல, அவங்க மட்டும் இருக்கும்போது, சீட்டு ஆரம்பிக்க ஒரு வாரம் முன்னாடியாவது சொல்லுங்க. அப்பதான் 20 பேரை நிரப்ப அவங்களுக்கு நேரம் இருக்கும். கடைசி நாள்ல சொன்னாதான் உண்மையிலேயே மனசு நோகும்.

காரணம் அடுக்காதீங்க. "பணம் இல்லை"ன்னா "கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க"ம்பாங்க. "பயமா இருக்கு"ன்னா "என்மேல நம்பிக்கை இல்லையா"ன்னு வரும். பதிவு, சட்டம்னு ஆரம்பிச்சா சண்டைதான். "அக்கா, இந்த வருஷம் மாசச் சேமிப்பை ஆர்டியில போடறதா நாங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டோம், சீட்டுக்கு எங்க பேரை எடுத்துடுங்க"ன்னு ஒரே வாக்கியம். மறுபடி கேட்டாலும் அதே வாக்கியம். "அடுத்த சீட்டுல பாக்கலாம்"னு மட்டும் வாய் தவறியும் சொல்லிடாதீங்க, அடுத்த சீட்டுக்கு முதல் பேரா உங்களை எழுதிடுவாங்க.

பையனைப் பாத்துக்கற உதவியையும் சீட்டையும் தனித்தனியா பிரிச்சு வைங்க. அந்தக் கடன் மனசுல இருந்துட்டே இருந்தா, இன்னைக்குச் சீட்டுக்கு மாட்டேன்னு சொன்னாலும் நாளைக்கு ஜாமீன் கையெழுத்து கேட்கும்போது மறுக்க முடியாது. மாசம் ஒரு தொகை பேசிக் கொடுக்கறது ரெண்டு பேருக்குமே நல்லது. அவங்க வாங்க மாட்டேன்னா, அவங்க வீட்டுப் பிள்ளைக்கு ட்யூஷன் எடுக்கற மாதிரி வேற ஏதாவது ஒரு வகையில ஈடு பண்ணுங்க.

---

பதில்: சீட்டு_ஒப்பந்தம்

ஜாமீன் பேச்சு வந்ததால் ஒரு வரி சேர்க்கிறேன். நீங்கள் சேராவிட்டாலும், சேர்ந்த ஒருவர் சீட்டு எடுக்கும்போது உங்களிடம் "சும்மா ஒரு கையெழுத்து" கேட்டு வரலாம், மாதச் சம்பளக்காரர்களைத்தான் முதலில் கேட்பார்கள். 1872 ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். முதலில் அவரிடம் வசூலித்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதில்லை. தவணை தவறிய மறுநாளே நேராக உங்களிடம் கேட்கலாம். நீங்கள் கட்டினால் பிறகு அவரிடம் திரும்பக் கேட்க உரிமை உண்டு, ஆனால் அதற்கு நீங்கள் தனியாக வழக்குப் போட வேண்டும். பதிவுபெற்ற நிறுவனச் சீட்டுக்கு ஜாமீன் போட்டாலும் இதேதான்.

---

பதில்: பேரேடு

ஆர்டி போடும்போது ஒரு நடைமுறை விஷயம். அஞ்சலக ஆர்டி ஐந்து ஆண்டுத் திட்டம், மூன்று ஆண்டுக்கு முன் மூட முடியாது. உங்களுக்கு 20 மாதத்தில் பணம் வேண்டும் என்றால் வங்கியில் 20 அல்லது 21 மாத ஆர்டி போடுங்கள். வட்டி எவ்வளவு என்று கிளையில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், காலத்துக்கேற்ப மாறும். வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை, அசலும் வட்டியும் சேர்த்து. மாதம் 25,000 வீதம் 20 மாதம் கட்டினால் அசலே 5 லட்சம் வந்துவிடும். அதனால் ஒன்றை உங்கள் பெயரிலும் ஒன்றை உங்கள் துணையின் பெயரிலும் தலா 12,500-க்குப் போட்டுவிடுங்கள். சம்பளம் வரும் தேதிக்கு அடுத்த நாளில் தானாகப் பிடிக்கும்படி நிலை உத்தரவு கொடுத்துவிட்டால், குரூப்பில் ரசீதுப் படம் போடும் வேலை மட்டும்தான் மிச்சம்.